படைப்பவனுக்கு என்ன குறை?

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1950 முதல் பொம்மைச் சந்தை கூடுகிறது. ஜனவரிக் கடைசியோ பிப்ரவரித் தொடக்கமோ, குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களில். வியாபாரிகளுக்கு அது கொள்முதல் காலம். மாடல் ரயில் பித்துப் பிடித்தவர்களுக்கோ அந்த ஆண்டு முழுவதும் எதற்காக ஏங்குவது என்று தெரியவரும் காலம். ஃபாலர், ஔஹாகன், ஃபீஸ்மன் முதலான நிறுவனங்கள் தங்கள் புதுக் கட்டடங்களை அறிவிக்கும் பருவம் அது. ஒரு கிராமத்து ரயில் நிலையம் இருக்கும், ஒரு மரம் அறுக்கும் ஆலை இருக்கும், கீழே கடை வைத்த மாடி வீடு இருக்கும். பெரும்பாலும் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. பத்து மீட்டர் உயர வீடு பதினொன்றரை சென்டிமீட்டராகச் சுருங்கி, சுவர் வேறு கூரை வேறாக அட்டைப்பெட்டிக்குள் வரும். உடனே வராது. அறிவிப்பில் படம் மட்டுமே உண்டு. பெட்டி கடைக்கு வந்து சேரக் கோடை கழியலாம், இலையுதிர்காலமும் கழியலாம்.

காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. அட்டவணையில் போட்டிருக்கும் நீள அகலத்துக்கு ஒரு அட்டையை வெட்டி, பலகைமேல் தான் அமைத்த ரயில் உலகில், அதாவது லேஅவுட்டில், வைத்துப் பார்ப்பார். தண்டவாளத்துக்கு இடிக்கிறதா, பக்கத்து வீட்டின் ஜன்னலை மறைக்கிறதா என்று குனிந்து நோட்டம் விடுவார். இடம் போதாவிட்டால் ஒரு குன்றைச் செதுக்குவார். வராத கட்டடத்துக்காக வந்த மலை நகர்ந்து கொடுக்கும்.

மலை, ஆறு, சுரங்கப்பாதை, சிக்னல், பகல், இரவு எல்லாவற்றையும் தன் கையால் உண்டாக்கிய ஒருவருக்கு ஒரு மரம் அறுக்கும் ஆலை இல்லையே என்ற ஏக்கம் எங்கிருந்து வருகிறது? கேட்பதற்குச் சில்லறைக் கேள்வி. ஆனால் இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய வழக்கு ஒன்று இதற்குள் இருக்கிறது.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு எதிர்வாதி எழுந்து மடக்குகிறார். பயன் இல்லாமல் யாரும் எதையும் செய்வதில்லை. இறைவன் ஒரு பயனை வேண்டி உலகைப் படைத்தான் என்றால் அவனுக்கு ஏதோ குறை இருந்திருக்கிறது. குறையே இல்லை என்றால் படைக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் வம்பு. அடுத்த சூத்திரத்திலேயே பதில் வருகிறது: உலக வழக்கில் காண்பது போல அது வெறும் விளையாட்டு. இதை விளக்கும் சங்கரர், ஆசைகளெல்லாம் நிறைவேறிவிட்ட ஓர் அரசனோ அமைச்சனோ பொழுதுபோக்காக விளையாடுவதை எடுத்துக்காட்டுகிறார். மூச்சு தானாக வந்துபோவதையும் சேர்த்துச் சொல்கிறார். ராமானுஜர் அந்த அரசன் கையில் ஒரு பந்தையும் கொடுத்துவிடுகிறார். ஏழு தீவுகளையும் ஆளும் பேரரசன் பந்தாடுகிறான்; அதனால் அவனுக்கு என்ன வரவு?

சைவ சித்தாந்தம் இதோடு நிற்கவில்லை. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் விளையாட்டு என்று சொல்வதை மறுக்காமல், உயிர்களுக்குப் போகமும் முத்தியும் கொடுக்கவும் அவற்றைப் பற்றிய மலங்கள் என்னும் அழுக்குகளைத் துடைக்கவும் அருளால் செய்யும் தொழில் என்றும் சொல்லலாம் என்கிறார். விளையாட்டா, கருணையா என்ற இந்த இழுபறியை மாடல் ரயில் பலகைக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்பது தெய்வ நிந்தனை ஆகாது. உலக வழக்கைப் பார் என்று சொன்னதே சூத்திரம்தான்.

அப்படிப் பார்த்தால் எதிர்வாதியின் கணக்கில் ஓர் ஓட்டை தெரிகிறது. முதலில் குறை, அதிலிருந்து ஆசை, அதிலிருந்து செயல் என்று அவர் வரிசை வைக்கிறார். மர ஆலைக்காக ஏங்குபவரிடம் அந்த ஆலை இல்லாத குறை எப்போது வந்தது? பலகை வெறும் ஒட்டுப்பலகையாக இருந்தவரை வரவில்லை. தண்டவாளம் போட்டு, ஓடையைக் கீறி, ஓடையோரம் பைன் மரங்களை நட்ட பிறகுதான், வெட்டிய மரம் எங்கே போகிறது என்ற கேள்வி பிறந்தது. செய்யச் செய்யக் குறை உண்டாகிறது. லேஅவுட் ஒருபோதும் முடிவதில்லை என்று இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் சொல்வார்கள். அலுப்போடு சொல்வதாக அதை எடுத்துக்கொள்ள முடியாது, பாதிப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

கலிபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன் இதற்குப் பெரிய சாட்சி. தொழிலால் புகைப்படக்காரர். 1946-இல் சிறியதாகத் தொடங்கி, பிறகு வீட்டு அடித்தளம் முழுவதையும் மலைத்தொடராக மாற்றினார். கட்டடங்களைப் பளபளப்பாக விடாமல் துருவும் கரியும் மழைக்கறையும் ஏற்றி வயதாக்கும் கலையை அமெரிக்கப் பொழுதுபோக்காளர்களுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பெட்டிகளை இழுக்க ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரையும் யார்டில் நிறுத்தியிருந்தார். அதன் பெயர் எம்மா. பந்தாடும் அரசனை மான்டரேயில் தேடினால் இவர்தான் அகப்படுவார். 1973 ஜனவரியில் இறந்தார். பத்து நாள் கழித்துத் தீப்பிடித்து அந்த உலகின் பெரும்பகுதி சாம்பலானது. படைப்பவன் போனதும் படைப்பும் போனது என்று புராணம் எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். நடந்தது ஒரு தீ விபத்து, அவ்வளவே.

இங்கிலாந்துப் பக்கம் திரும்பினால் இந்தப் பித்து பாதிரியார்களை ஏனோ விசேஷமாகப் பிடித்து ஆட்டியிருக்கிறது. வேக்ஃபீல்ட் பிஷப்பாக இருந்த எரிக் ட்ரீசி ரயில் படங்கள் எடுப்பதில் பேர்போனவர். 1978-இல் ஆப்பிள்பி ரயில் நிலையத்திலேயே உயிர் பிரிந்தது. தாமஸ் என்ஜின் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரியும் ஆங்கிலிகன் பாதிரியார்தான். 1945-இல் முதல் புத்தகம் வந்தபோது அந்த என்ஜின்கள் ஓடிய ஊருக்கு வரைபடம் கிடையாது. புத்தகங்கள் பெருகியதும் குழந்தைகள் குறுக்கு விசாரணையில் இறங்கினார்கள். இந்தக் கதையில் இப்படி என்றால் அந்தக் கதையில் அப்படி எப்படி? ஆட்ரி வசமாக மாட்டிக்கொண்டார். தப்பிக்கச் சோடர் என்று ஒரு தீவையே உண்டாக்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத் திருச்சபையில் ‘சோடர் அண்டு மேன்’ என்று ஒரு மறைமாவட்டம் உண்டு. மேன் தீவு கடலில் இருக்கிறது, சோடர் என்று தீவு எதுவும் இல்லை. காலியாகக் கிடந்த பெயரில் குடியேறினார். தம்பி ஜார்ஜும் சேர்ந்து அந்தத் தீவுக்கு வரலாறு, புவியியல், மொழி எல்லாம் எழுதினார்கள். 1987-இல் அதுவே தனிப் புத்தகமானது. என்ஜினுக்காகத் தீவு வந்தது, தீவுக்காக ஊர்கள் வந்தன, ஊர்களுக்காக ஆட்ரியின் வீட்டில் ஃபார்க்கர் என்ற லேஅவுட்டும் வந்தது.

பீட்டர் டெனி என்ற இன்னொரு பாதிரியார் பக்கிங்ஹாம் என்ற கிளைப்பாதையை 1940-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்தார். அதில் காலம் 1907. ஒவ்வொரு வண்டியும் கால அட்டவணைப்படி ஓட வேண்டும், ஒரு நிலையம் அடுத்த நிலையத்துக்கு மணியடித்துச் சொல்ல வேண்டும். அடுத்த நிலையத்தில் உட்கார ஆள் இல்லாத வேளைகளுக்காக, மணிக்குப் பதில் மணியடித்து வண்டியை வாங்கிக்கொள்ளும் ஒரு இயந்திரத்தைச் செய்து, தன் மகன் கிறிஸ்பினின் பெயரை அதற்கு வைத்தார். ஊரை உண்டாக்கியவரே அந்த ஊரின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, வண்டி வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார்.

பாதிரியார்களுக்கு ஓய்வு நேரம் அதிகம் என்று யாராவது கிண்டலாகக் காரணம் சொல்லலாம். ஆனால் சிற்றுலகம் செய்வதும் வழிபாடும் நெடுநாள் உறவுக்காரர்கள். 1223-இல் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறந்த இரவைக் காட்சியாக்கினார். பின்னாளில் அது குடில் பொம்மைகளாகி வீடு வீடாக நுழைந்தது. பென்சில்வேனியாவில் 1741-இல் பெத்லகேம் ஊரை நிறுவிய மொரேவியக் கிறிஸ்தவர்கள், குடிலைச் சுற்றிக் காட்டுப் பாசியைப் பரப்பி, ஆடுமாடு, மில், வீடு என்று கிராமத்தையே விரித்தார்கள். அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் சிறு வீடுகளும், அவற்றைச் சுற்றிப் பொம்மை ரயிலும் ஓடத் தொடங்கியபோது, ரயிலுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஊரைப் ‘பிளாஸ்டிக்வில்’ என்ற பெயரிலேயே விற்றார்கள்; அதில் தேவாலயமும் ஒன்று.

கொலு வைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. படிக்கட்டின் முன் தரையில் கேழ்வரகையோ கடுகையோ முளைக்கவிட்டுப் ‘பார்க்’ அமைப்பதும், ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிச் சேர்ப்பதும் அங்கே வழக்கம். ஆவணியிலேயே இந்த ஆண்டு என்ன செட் என்ற பேச்சு தொடங்கிவிடும். ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கொலு பத்து நாளில் இறங்கிவிடுகிறது, பொம்மைகள் பழைய துணிக்குள் போய்விடுகின்றன. அடித்தளத்து ரயிலுக்கு அந்த விடுப்பு இல்லை. அதனால்தானோ என்னவோ அங்கே ஆசை கட்டுக்கடங்காமல் போகிறது.

போவதை மறைக்க வேண்டியதில்லை. மாசசூசெட்ஸின் பீபாடியில் ஜார்ஜ் செல்லியோஸ் தொடங்கிய ‘ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ்’ மரத்தாலான கட்டடக் கிட்களைக் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிட்டது. அறிவிப்பு வந்ததும் தீர்ந்துபோகும் சரக்கு. பழைய பெட்டிகள் கைமாறும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வாங்கியவர்களில் பலர் கட்டுவதில்லை. அலமாரியில் பிரிக்காத பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்க, அடுத்த அறிவிப்புக்குக் கண் காத்திருக்கும். ஆயுள் முழுவதும் உட்கார்ந்தாலும் கட்டி முடியாத அளவுக்குச் சேர்த்துவிட்டவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வம் அல்ல. இதைப் பந்தாட்டம் என்று சொல்லி மெழுகுவது சரியாகாது. மணிமேகலை விரித்துரைக்கும் பன்னிரு சார்புகளில் நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று என்று ஒரு கண்ணி வருகிறது. தொட்டுத் துய்த்த பிறகே ஆசை பிறக்கிறது என்ற வரிசை பௌத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது; ஆனால் அதை அது விளையாட்டு என்று பாராட்டவில்லை, கட்டு என்கிறது. பிரிக்காத பெட்டிகளைப் பார்க்கும்போது பௌத்தர் பக்கமே நியாயம் கனக்கிறது. விற்பனை உத்திகளைப் படைப்பின் ஆனந்தம் என்று பெயர் மாற்றுவதில் நிறுவனங்களும் கைதேர்ந்தவை.

அதே சமயம், இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்ற பழக்கமான குற்றச்சாட்டு அவ்வளவு எளிதில் ஒட்டாது. எட்வின், ஹெர்மன் என்ற ஃபாலர் சகோதரர்கள் கருங்காட்டுப் பகுதியின் கூட்டன்பாக் கிராமத்தில் தொழில் தொடங்கியது 1946-இல். அருகிலிருந்த ஃப்ரைபுர்க் நகரின் மையப் பகுதி 1944 நவம்பர் குண்டுவீச்சில் தரைமட்டமாகியிருந்தது. ஊரெல்லாம் செங்கல் குவியலாகக் கிடந்த நாட்டில் சுவரும் கூரையும் முழுதாக உள்ள வீடுகளை மேசை மேல் நிறுத்தப் பழகினார்கள். ஆறுதல் என்று சொல்லலாம், மறதி என்றும் சொல்லலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினம். 1961-இல் ஃபாலர் வெளியிட்ட ஒரு நவீன பங்களா சுவிட்சர்லாந்தின் டிச்சினோ பகுதி வில்லா என்ற பெயரில் விற்றது. அதன் மூல வீடு இருப்பது கூட்டன்பாக்கில். ஃபோல்மர் நிறுவனமோ எரியும் வருமானவரி அலுவலகம் ஒன்றை, ஜன்னலில் புகை வரும்படி விற்றது. வரி கட்டும் எவருக்கும் அதன் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை.

மூலம் எது, நகல் எது என்ற கேள்வி இங்கே தலைகீழாகவும் ஆகும். இங்கிலாந்தின் ஓக்கம் ஊரில் ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு சிறிய சிக்னல் கேபின் நிற்கிறது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் மலிவான பிளாஸ்டிக் கிட்டுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது அதைத்தான். எத்தனையோ கற்பனை ஊர்களின் ஓரத்தில் அதே படிக்கட்டு, அதே ஜன்னல். இன்று ஓக்கத்துக்குப் போகும் ஒரு நடுவயதுக்காரர், தான் சிறுவயதில் பசை ஒட்டியதன் பெரிய பிரதி என்றுதான் அதைப் பார்க்கிறார். ஹாம்பர்க்கில் இன்னும் விநோதம். எல்ப் ஆற்றங்கரையில் எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்கின் கட்டுமானம் 2007-இல் தொடங்கியது. 2010-இல் திறப்பதாகத் திட்டம். இழுத்துக்கொண்டே போனது. அருகிலேயே ஃப்ரெடெரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர் 2001-இல் திறந்த ‘மினியேச்சர் வுண்டர்லாண்ட்’ என்ற மாபெரும் மாடல் ரயில் உலகம் இருக்கிறது. அதற்குள் அந்த அரங்கின் மாதிரி 2013-இலேயே திறப்பு விழா கண்டது, உள்ளே கச்சேரி மேடையோடு. நிஜ அரங்கு திறந்தது 2017 ஜனவரியில். அந்த மூன்று ஆண்டுகளில் ஹாம்பர்க்வாசி ஒருவர் எல்ப்ஃபில்ஹார்மோனியைப் பார்த்தேன் என்று சொன்னால் எதைச் சொன்னார்?

அந்த வுண்டர்லாண்டில் 15 நிமிடத்துக்கு ஒரு நாள் கழிகிறது. பிரம்மாவின் ஒரு பகல் மனிதக் கணக்கில் 432 கோடி ஆண்டு என்பார்கள். மேலே இருப்பவனுக்கு நாள் நீள்வதும் கீழே இருப்பவனுக்குச் சுருங்குவதும் அளவு விகிதத்தின் வேலை என்று கொண்டால், புராணக் கணக்கு அவ்வளவு அபத்தமாகத் தெரியவில்லை.

அந்தக் குட்டி நாளில் வாழ்பவர்கள் யார்? பிரைசர் போன்ற நிறுவனங்கள் விற்கும் இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள். பாதிரியாரோடு கல்யாண கோஷ்டி கிடைக்கும், பெட்டியும் கையுமாகப் பயணிகள் கிடைப்பார்கள். நடைமேடையில் ஒட்டப்பட்ட அந்தப் பயணி ஏறப்போவதில்லை. வண்டி வந்து வந்து போகும். அருணந்தி சிவாச்சாரியாரின் விடை இங்கேதான் இடறுகிறது. போகம் கொடுக்க அங்கே உயிர் இல்லை, துடைக்க மலம் இல்லை, தூசிதான் இருக்கிறது. பொம்மை மனிதர்மேல் கருணை என்பது பேச்சளவில்கூட நிற்காது. ஆனால் கட்டடங்களின்மேல் கருணை என்று ஒன்று இருக்க முடியுமா?

ராய் இங்லாண்ட் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1925-இல் இங்கிலாந்து வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ பள்ளத்தாக்கின் கூரை வீடுகளைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். வந்த சில ஆண்டுகளிலேயே கண்ணெதிரே அவை மாறத் தொடங்கின. வைக்கோலும் நாணலும் வேய்ந்த கூரைகள் இறங்கின, மலிவான தகடுகள் ஏறின, சில வீடுகள் போயே போயின. சட்டம் போட்டோ சங்கம் வைத்தோ தடுக்கும் வசதி அவரிடம் இல்லை. ஒவ்வொரு வீடாக அளந்தார். செங்கலின் நிறம், சுவரின் விரிசல், தோட்டத்தில் என்ன செடி என்று குறித்துக்கொண்டார். பிறகு 76-இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் கட்டினார், ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில். லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் 1954-இல் இதற்கென்றே ஓர் இடம் அமைந்தது. அதுதான் இன்றைய பெண்டன் அருங்காட்சியகம்.

அங்கே புதுக் கட்டடம் என்றால் 1930-களில் நிஜமாக நின்ற ஏதோ ஒன்று. நியூரம்பெர்க் அறிவிப்பு எதுவும் அதைக் கொண்டுவராது. பழைய புகைப்படமோ, குறிப்பேட்டின் அளவோ, யாரோ ஒரு கிழவரின் ஞாபகமோ வேண்டும். கதவின் நிறம் தெரியாவிட்டால் தெரியும்வரை அந்த வீட்டு வேலை நிற்கும். வரப்போவதற்காக அல்ல, இருந்து போனதற்காகக் காத்திருப்பது என்ற வகை இது. எதிர்வாதியின் வரிசைக்குள் இதை அடைப்பது இன்னும் கடினம். இங்லாண்டுக்கு அந்த வீடுகளால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. குடியிருக்க முடியாது, விற்க நினைத்ததில்லை. வீடுகளின் பக்கமே நின்றார்.

அதே பெண்டனில் இன்னொரு அறையில் ஜான் ஆஹெர்னின் மேடர் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1930-களில் தொடங்கியது. அப்படி ஒரு பள்ளத்தாக்கு உலகில் எங்கும் இல்லை. பிடித்த வீடு எந்த ஊரில் இருந்தாலும் அதைப் போலவே ஒன்று செய்து, தன் கற்பனைத் தெருவில் நிறுத்திக்கொண்டவர் அவர். வண்டிக்கும் தண்டவாளத்துக்கும் மட்டும் மரியாதை இருந்த காலத்தில் வீட்டையும் தெருவையும் சாராயக்கடையையும் ரயிலுக்குச் சமமாக மதித்த முன்னோடி. அவர் விட்டுப்போன நிலையிலேயே அதைக் காத்துவருகிறார்கள். புதிதாக ஒரு வீடும் சேர்ப்பதில்லை, சேர்க்க யாருக்கு உரிமை என்பதே சிக்கல். இங்லாண்ட் 1995-இல் இறந்த பிறகும் அவருடைய பள்ளத்தாக்கில் தன்னார்வலர்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எது அடுத்தது என்பதை அவர்கள் விருப்பம் தீர்மானிப்பதில்லை. அந்த வீடு அங்கே நின்றதா என்று கேட்கிறார்கள், நின்றது என்று உறுதியானால் அட்டையை வெட்டத் தொடங்குகிறார்கள்.